ஒரு பாம்பா, இரண்டு பாம்பா

என் கணவருக்கு எதையும் சேர்த்தாக வேண்டும், எனக்குப் பிரித்தாக வேண்டும். அருங்காட்சியகத்தில் பாம்புகளை இனம் பிரிப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் என்னைப் 'பிரிவினைவாதி' என்பார், நான் அவரைக் 'கூட்டணித் தலைவர்' என்பேன். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கும். சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும்.

கறுப்புப் பட்டைப் பாம்பைப் பற்றிய சண்டை மட்டும் வருஷக்கணக்காக ஓடியது. சமவெளியில் இருப்பதும் மலையில் இருப்பதும் ஒரே இனம் என்று அவர் கட்டுரையே எழுதிவிட்டார். அவர் பார்த்ததெல்லாம் சாராயப் புட்டியில் ஊறிக்கிடந்த பழைய பாம்புகள். ஊறினால் நிறமெல்லாம் வெளுத்துவிடும், மிஞ்சுவது செதில்தான். முதுகுச் செதில் வரிசை இரண்டிலும் பதினைந்து, அதோடு விஷயம் முடிந்தது என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விஷமுறிவு மருந்தைச் சமவெளிப் பாம்பின் விஷத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். மலைப் பாம்பு வேறு இனமென்றால், அதனிடம் கடிபட்டவருக்கு அந்த மருந்தும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான்.

"உயிரோட ஒண்ணைப் பிடிச்சுக் காட்டுறேன், வா. அப்புறமாவது வாயை மூடுறியா பார்ப்போம்," என்றார். மலைக்குப் போனோம்.

காலையில் ஓடையோரக் கல்லுக்கடியில் கிடைத்தது. தலையை வெறுங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குச்சி நுனியால் எண்ணினார். கையுறை போட்டால் எண்ண வராது என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்குமே ஒரு திமிர் உண்டு.

"பதினஞ்சு! நல்லாப் பார்த்துக்கோ!" என்று குதித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். பிடி நழுவியது. கட்டைவிரலில் கடி. அப்போதும் பாம்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் கையைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன்.

அடிவாரத்தில் இருந்தது சின்ன மருத்துவமனை. இந்த விஷம் ஏறினால் மூச்சே நின்றுபோகும். மூச்சு கொடுக்கும் இயந்திரம் அங்கே கிடையாது, அதற்கு அரை நாள் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டாக்டர் சின்னப் பெண். "என்ன பாம்புன்னு தெரியுமா சார்?" என்று கேட்டாள். இவர் இனத்தின் பெயரைச் சொன்னார், அதற்குப் பெயர் வைத்தவரின் பெயரோடு, வருஷத்தோடு. அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அதுக்கு மருந்து எங்ககிட்டயே இருக்கு."

"வேணாம் டாக்டர், இது வேற பாம்பு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க," என்றேன்.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்று இவர் சிரித்தார். "இந்தப் பாம்பைப் பத்தி எழுதினவனே நான்தாம்மா. நீங்க போடுங்க."

அவள் யார் பேச்சைக் கேட்பாள்? நான் கத்தியதெல்லாம் பயந்துபோன பெண்டாட்டியின் கூச்சலாகத்தான் அவள் காதில் விழுந்திருக்கும்.

மருந்து ஏறியது. இமைகள் தொங்கின. மறுபடியும் ஏற்றினார்கள். நாக்கு குழறிப் பேச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது. டாக்டரும் கூடவே ஏறி, அவர் மூக்கும் வாயும் மறையும்படி மூடியை வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"பேர் தெரியாம வந்திருந்தா அப்பவே அனுப்பியிருப்பேம்மா," என்று அழுதாள்.

பாதி வழியில் என் மடியில் கிடந்த அவர் கை அசைந்தது. கண் திறக்கவில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டினார்.

"என்ன கேக்கறார்?" என்றாள் டாக்டர்.

இத்தனை வருஷமும் நான் சண்டை போட்டது அவர் வாயால் அந்த இரண்டைச் சொல்ல வைக்கத்தான். இப்போது எனக்கு அது வேண்டாம்.

"ஒண்ணுதாங்க! ஒரே பாம்புதாங்க, நீங்க சொன்னதுதான் சரி!" என்று கத்திக்கொண்டே அந்த விரல்களை மடக்கினேன். மறுபடியும் நீட்டினார், மறுபடியும் மடக்கினேன். அதற்கப்புறம் அவர் நீட்டவில்லை.