ஒன்பது ஹாங்

வசுமதி மரக்கதவைத் திறந்தாள். ஜாலிக் கதவைத் திறக்கவில்லை. கம்பி வலைக்குப் பின்னால் அவள் முகம் பொடிப்பொடிக் கட்டங்களாகத் தெரிந்தது.

"மறுபடியும் வந்துட்டியா?" என்றாள்.

ரோஹிணி தலையை ஆட்டினாள். மூன்று நாளைக்கு முன்னால் டெல்லி மோதி பாகின் இந்த அரசுக் குடியிருப்பில், இதே மூன்றாவது மாடியில், இதே வலைக்கு வெளியே நின்று நாற்பது நிமிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தாள். எந்த வீட்டில் யார் இணையத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று எடுக்கும் கணக்கெடுப்பு. ஒப்பந்த வேலைதான். ஆனால் இயற்பியல் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்தது. முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்கவே தயங்குகிறவளுக்குத் தினமும் பத்து வீட்டு மணியை அழுத்தும் வேலை.

அன்று வசுமதி முதல் காரியமாக ரோஹிணியைப் படம் எடுத்தாள். ரோஹிணி அடையாள அட்டையை வலையோடு ஒட்டிக் காட்டியபோது, "சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனா இது மாதிரி அரை டஜன் அடிச்சுத் தருவான்" என்றாள். படத்தைக் காலனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பேச்சின் சில துண்டுகள் டேப்லெட்டில் பதிவாகும் என்று ரோஹிணி சொன்னதும் அவள் கண் இன்னும் சுருங்கியது.

குழுவின் கருத்துகள் டிங் டிங்கென்று வந்துகொண்டிருக்க, இணையம் பயன்படுத்துவீர்களா என்று ரோஹிணி கேட்டாள். நெட்டெல்லாம் மாமாவோடு சரி, தனக்கு அது தெரியவே தெரியாது என்றாள் வசுமதி. மாமா என்றது, அலுவலகம் போயிருந்த கணவர் கல்யாணராமனை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவீர்களா? "அனுப்பாம?"

வீடியோ காலில் பேசுவீர்களா? "பேசாம இருப்பேனா? பொண்ணு பெங்களூர்ல இருக்கா."

யூடியூப்? "பார்க்காம என்ன."

கரண்ட் பில் போனில் கட்டுவீர்களா? "நான் கட்டலேன்னா இந்தாத்துல வேற யார் கட்டுவா?"

இப்படி ஒன்பது கேள்விகள். ஒன்பதுக்கும் ரோஹிணி 'ஆம்' என்று குறித்தாள். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் குறிப்பார்கள்.

சூப்பர்வைசர் சௌஹானுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் வீடுகளுக்காக இரண்டே இரண்டு வார்த்தைகள் கற்று வைத்திருந்தார்: ஆமாம், இல்லை. பதிவான துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். எதிலும் 'ஆமாம்' என்ற சொல்லே வரவில்லை. படிவத்திலோ முதல் கேள்விக்கு மட்டும் 'இல்லை', மற்ற ஒன்பதுக்கும் 'ஆம்'. நெட்டே தெரியாது என்கிறவள் எப்படி போனில் பில் கட்டுவாள்? எந்த டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பினாய் என்று கேட்டார். 'அனுப்பாம' என்றால் அனுப்புவேன் என்று அர்த்தம் என்பதை ரோஹிணி இந்தியில் விளக்கப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

சனிக்கிழமைக்குள் அந்த அம்மா தன் வாயால் போனில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை டேப்லெட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார் சௌஹான்.

இன்று சனிக்கிழமை. ரோஹிணி எல்லாவற்றையும் வலை வழியாகச் சொல்லி முடித்தாள். ஒரே ஒரு 'ஆமாம்' சொன்னால் தன் வேலை தப்பும் என்றாள்.

"அதைத்தான் சொல்லப்படாது" என்றாள் வசுமதி.

"ஏன் ஆன்ட்டி?"

"நாம ஆமாம்னு சொல்றதை ரெகார்ட் பண்ணிண்டு, நம்ம குரலை வச்சே பாங்க்ல இருக்கறதை வழிச்சு எடுத்துடுவா. குரூப்ல வந்தது. அதான் அன்னிக்கும் பார்த்துப் பார்த்துப் பேசினேன்."

அந்த 'அனுப்பாம', 'பார்க்காம' எல்லாம் அவளுடைய ஊர்ப் பேச்சுவழக்கு என்றுதான் ரோஹிணி நினைத்திருந்தாள். நாற்பது நிமிடமும் வசுமதி ஒரு வார்த்தையை மட்டும் சேற்றுக் குழியைத் தாண்டுவதுபோலத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறாள்.

வேறு வழி தெரியாமல் சௌஹானை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். வசுமதி முந்திக்கொண்டு, சௌஹான்ஜிதானே பேசுவது என்று இந்தியில் கேட்டாள்.

அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது. "ஆப் கௌன்?" நீங்கள் யார் என்று ஜாக்கிரதையான ஒரு குரல்.

"பார்த்தியா, உங்க சாரும் சொல்ல மாட்டேங்கறார்" என்று வசுமதி கிசுகிசுத்தாள். இந்தியிலும் அதே செய்தி சுற்றுகிறது போலும்.

இதுதான் அந்த அம்மா என்று ரோஹிணி இந்தியில் சொல்லி, படிவத்தில் இருப்பதெல்லாம் சரிதானே என்று வசுமதியிடம் கேட்டாள். வசுமதி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு, தன் குரல் தெரியாதபடி அடித்தொண்டையிலிருந்து, "ஹாங்" என்று இந்தியில் ஆமாம் சொன்னாள்.

யாருடைய குரல் இது என்று சௌஹான் சீறினார். ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கிறது, கடைசியில் டீக்கடைக்காரனையே பிடித்துப் பேச வைத்துவிட்டாயா என்றார்.

வசுமதிக்கு முப்பது வருட டெல்லி இந்தி. ஒரு சொல் விடாமல் புரிந்தது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஜாலிக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்து ரோஹிணியின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"சுனியே பாயிசாப்", கேளுங்கள் ஐயா, என்று ஆரம்பித்தாள். தன் வீட்டு வாசலில் வைத்தே தன்னைப் போலி என்று சொல்ல நீ யார் என்று கேட்டாள். வாட்ஸ்அப்? ஹாங். வீடியோ கால்? ஹாங். யூடியூப்? ஹாங். கரண்ட் பில்? ஹாங். கேஸ் புக்கிங்? ஹாங். சொந்தக் குரலில், எதிர் பிளாக்குக்குக் கேட்கும்படி. எட்டாவதில், போதும்ஜி போதும், படிவத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்றார் சௌஹான். ஒன்பதாவதையும் சொல்லிவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ரோஹிணி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இதெல்லாமே நெட்தான் ஆன்ட்டி, முதல் கேள்விக்கும் ஆம் போட்டுக்கொள்ளட்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

"நெட் கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னேனே. அது மாமா."

ரோஹிணி அதை அப்படியே விட்டுவிட்டாள்.

வசுமதி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டபின்தான் அவளுக்கு உறைத்தது. கை வாய்க்குப் போனது.

"ஒன்பது தடவை சொல்ல வச்சுட்டியே என்னை." வலைக்குப் பின்னால் முகம் மறுபடி கட்டம் கட்டமாகியிருந்தது. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன் போட்டோ என்கிட்ட இருக்கு."

"வச்சுக்கோங்க ஆன்ட்டி" என்றாள் ரோஹிணி. "திங்கக்கிழமை எதிர் பிளாக்லதான் இருப்பேன்."

மரக்கதவு மூடிக்கொண்டது. ரோஹிணி முதல் படியில் இறங்குவதற்குள் உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே இன்னொன்று.