ஆச்சா என்று ஒரு தடவை

எனக்கு வாய் நீளம் என்று தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் மாரிகுப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாய்தான் ஒரு மத்தியானம் ‘ஆச்சு’ என்று ஒரே ஒரு சொல் சொல்லி ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

பக்கத்துப் பாலகாட்டில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்து ஒரு சின்னக் கம்பெனி நடக்கிறது. மின்சார ஆட்டோக்களுக்கு சார்ஜர் செய்கிறார்கள். அதில் போடுகிற பவர் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் ஆகும்போதும் எவ்வளவு சக்தி சூடாகி வீணாகிறது என்று அளப்பது என் வேலை. புரியாதவர்களுக்கு நான் பங்காருப்பேட்டை ஸ்டேஷனைச் சொல்வேன். வோல்டேஜ் இறங்குகிற கூட்டம், கரண்ட் ஏறுகிற கூட்டம். இரண்டும் வாசலில் இடித்துக்கொள்கிற அந்தக் கண நேரம்தான் சூடு. வோல்டேஜைப் பார்க்க ஒரு ப்ரோப், கரண்டைப் பார்க்க இன்னொன்று. இரண்டில் ஒன்று எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் சேதி சொல்லும். அளக்கும் முன் இரண்டையும் ஸ்கோப் திரையில் ஒன்றுக்கொன்று சரிக்கட்ட வேண்டும். அதற்கு டீஸ்க்யூ என்று பெயர். கரண்ட் ப்ரோப் பிந்தினால் ஏறுகிற கூட்டமே தாமதமாக வந்ததுபோல் தெரியும். வாசலில் இடிபாடே இல்லை என்று தோன்றும். அளவு அழகாகக் குறைந்து நிற்கும், அத்தனையும் பொய்.

அன்றைக்குப் பழைய கரண்ட் ப்ரோப் பழுதாகி, நீளக் கேபிள் வைத்த, இன்னும் பிந்திச் சேதி சொல்கிற புதியதை மாட்டினேன். சரிக்கட்ட நேரம் பிடிக்கும். ஷிப்ட் முடியப் போகிறது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுப் பயிற்சி. நான் பிந்தினால் தனிப் பாட்டு டெய்சிக்குப் போய்விடும். சுருதி எங்கே என்று தேடிக்கொண்டே பாடுகிறவள் அவள். அவளிடம் விடுவேனா?

என்னை ரிலீவ் பண்ண ராதிகா வந்தாள். சுரங்கக்காரர்களுக்குக் கட்டின எங்கள் லைன் வீட்டுப் பெண்தான், நான்தான் சொல்லி இங்கே சேர்த்துவிட்டேன். அப்போது அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“பியூலாக்கா, புது ப்ரோபா? டீஸ்க்யூ ஆச்சா?”

“ஆச்சு,” என்றேன், பையைத் தோளில் மாட்டியபடி.

அவள் மறுபடி கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அது. சுரங்கத்தில் கேஜ் என்கிற லிஃப்டில் ஏறி மேலே போகிற ஷிப்டைக் கீழே வருகிற ஷிப்ட் ‘ஆச்சா’ என்று ஒரு தடவைதான் கேட்கும். இரண்டாவது தடவை கேட்டால் ஆளை நம்பவில்லை என்று அர்த்தம், சண்டையே வந்துவிடும். சுரங்கம் மூடியும் அந்தப் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

தனிப் பாட்டு எனக்கே கிடைத்தது. நன்றாகவும் பாடினேன், வெட்கங்கெட்டவள்.

ராதிகா எடுத்த அளவை நம்பி சார்ஜருக்குள் சூட்டை வெளியேற்றச் சின்ன ஹீட்சிங்க்தான் வைத்தார்கள். தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தபோது சார்ஜர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன. கோலாரிலிருந்து வருகிற எங்கள் மேலாளர் மனோகர் சார் ராதிகாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

“டீஸ்க்யூ பாத்தியாம்மா?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “இல்ல சார். பாக்காம எடுத்துட்டேன்.”

“நாளைக்கு உன் கன்ஃபர்மேஷன் முடிவு பண்ணணும். இப்படி இருந்தா நான் எப்படிம்மா சரின்னு சொல்றது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரை இரண்டாக்குகிற என் வாய் அப்போது திறக்கவில்லை.

வெளியே குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். தப்புப் பண்ணினவளுக்குக் கோபம் வேறு.

“இன்னாத்துக்குடி என் பேரச் சொல்லல?”

“உங்க பேர எதுக்குக்கா சொல்லணும்?” என்றாள், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி. “நீங்க பண்ணிட்டுத்தான் போயிருப்பீங்க. நடுவுல செட்டிங் எப்படியோ அழிஞ்சு பூட்டுக்கீது. நான் ஒரு தடவ பாத்திருக்கணும். நீங்க ஆச்சுன்னா ஆச்சுதானேக்கா.”

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெரியவள் மாதிரி அவள் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ‘ஆச்சு, ஆச்சு’ என்றுதான் வந்தது.

மறுநாள் காலை மனோகர் சார் அறையில் ராதிகா நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே போனேன்.

“சார், அவ என்னக் கேட்டா. நான் ஆச்சுன்னு சொன்னேன். ஆனா பண்ணவே இல்ல. சர்ச்சுப் பாட்டுப் பயிற்சிக்கு ஓடிட்டேன்.”

அவர் எழுந்து அளக்கிற மேஜைக்கு வந்தார். அவர் கண்ணெதிரே ப்ரோப்களைச் சரிக்கட்டி மறுபடி அளந்தேன். இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறி நின்றது. எனக்கு மெமோ கொடுத்தார். ராதிகாவின் வேலை நிரந்தரமானது.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிக்கட்டினேன். நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தேன். அவள் வந்தாள்.

“ஆச்சாக்கா?”

“ஆச்சு ராதிகா.”

தலையை ஆட்டினாள். பழையபடி சிரித்தாள்கூட. நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு ப்ரோப்களையும் கழற்றி, டீஸ்க்யூ செய்கிற போர்டில் மாட்டி, முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தாள். நான் சரியாகத்தான் வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.