பின்சீட்டில் ஆளில்லாமல் சொல்லப்பட்ட கதை

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது. மாத இதழ் ஆசிரியர் ஒருவர் என்னைப் போனில் அழைத்து, "உங்க கதையெல்லாம் நல்லாத்தான் ஆரம்பிக்குது. ஆனா முடியவே மாட்டேங்குதே. இந்தத் தடவையாவது முடிவோட ஒண்ணு குடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். என்னைத் திட்டுபவர்களில் இவர் கொஞ்சம் மரியாதையானவர். நானும் ரோஷக்காரி. முடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் வீட்டில் இதுவரை முழுசாக முடிந்த கதை ஒன்றே ஒன்றுதான். சொன்னவர் என் அப்பா. கேட்டவர் யாருமில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். ஆனால் அவர் அதைச் சொல்லி முடித்தபோது அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் நான் இல்லை.

அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அப்பாவின் முதுகே என் முதல் பள்ளிக்கூடம். அங்கேதான் நான்..."

(அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "நான் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் வண்டி தூரத்தில் சின்னதாகிக்கொண்டே..."

(இதுவும் ஆகாது. கதை நடப்பது வண்டியில், நான் நிற்பதோ பங்கில். நான் இல்லாத இடத்தை 'நான்' என்று எழுதினால் அது கதை விடுவது. ஆகவே 'நான்' இங்கே இறங்கிக்கொள்கிறேன். இனிமேல் 'அவர்', 'அவருடைய மகள்'. வண்டி லேசாக இருக்கும்.)

3

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், இவரோடு வேலை செய்பவர் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறிச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். பெட்டி விரல்கடை விரல்கடையாக இறங்கும். அதுவரை கீழே கதவிடுக்கில் வாயை வைத்து, உள்ளே இருப்பவர் பயந்துபோகாமல் பேசிக்கொண்டிருப்பது இவர் வேலை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்துக் கதையில் போய் நிற்பார். கதவு திறந்ததும் சிலர் நன்றி சொல்வார்கள். சிலர், "என்னங்க, பாதியிலயே நிறுத்திட்டீங்க?" என்று குறைப்பட்டுக்கொள்வார்கள்.

காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். புத்தகப்பை முன்னால் டேங்க் மேல். மகள் பின்னால், அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு. மழை நாளில் அவருடைய மழைக்கோட்டுக்குள்ளேயே தலையை விட்டுக்கொள்வாள். அப்போது அவளுக்குத் தெரிவதெல்லாம் ஓடுகிற ரோடும் தன் ஷூவும்தான். சட்டையில் கிரீஸும் துணிசோப்பும் கலந்த வாசனை. காதை முதுகில் ஒட்டவைத்தால் அவர் குரல் எலும்பு வழியாகக் கனமாக வரும். முன்னாலிருந்து கேட்கும் அப்பா ஒருவர், முதுகு வழியாகக் கேட்கும் அப்பா இன்னொருவர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் வாயைத் திறக்க மாட்டாள். "ஊமைக்கோட்டான்" என்பாள் அவளுடைய அம்மா. ஏறி உட்கார்ந்ததும் அப்பாவின் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். ஏறிவிட்டேன், போகலாம் என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகுதான் அவர் கியர் போடுவார். போட்ட கையோடு கதை ஆரம்பமாகிவிடும்.

அந்த நாட்களில் ஓடிக்கொண்டிருந்தது ஒட்டகச்சிவிங்கிக் கதை. மாடியில் இருக்கும் தோழியைப் பார்க்க ஒரு ஒட்டகச்சிவிங்கி காலை மடக்கி, கழுத்தைச் சுருட்டி லிஃப்டுக்குள் ஏறிவிடுகிறது. கதவு மூடிக்கொள்கிறது. பாதியில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. இனி எப்படி வெளியே வரும்? பல நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். முடிவு நெருங்கும்போதெல்லாம் பள்ளிக்கூடக் கேட் வந்துவிடும்.

4

அன்று வழியில் பங்கில் நிறுத்தினார். வழக்கம்போல மகள் இறங்கித் தள்ளி நின்றாள். பக்கத்தில் ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றை அளக்கும் மீட்டரில் முள் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அவள் இன்னும் இரண்டடி தள்ளிப் போனாள்.

பெட்ரோல் போட்டாயிற்று. பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். பெட்ரோல் போடும் பெண் வேறொரு வண்டியிடம் திரும்பிக்கொண்டே, நகருங்கள் என்பதற்காக இவர் தோளில் தட்டினாள். இரண்டு தட்டு.

அவர் கியர் போட்டார்.

"இன்னைக்கு முடிச்சிடலாமா? எங்க விட்டேன்? ஆங்... கழுத்துல சுளுக்கு."

(பின்சீட்டில் கனம் குறைந்தது தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். "அப்ப உன் எடை ஒரு துண்டு அளவுக்குத்தான். காயாத துண்டுன்னு வேணா வெச்சுக்கோ" என்றார். பதில் வராததால் சந்தேகமும் வரவில்லை. எந்த நாளில் பதில் வந்தது?)

அன்று அதிசயமாகச் சிக்னல் எதுவும் நிறுத்தவில்லை. கதை தங்கு தடையில்லாமல் ஓடியது. சொல்லச் சொல்ல அவருக்கே பிடித்துப்போய்விட்டது. கேட்டில் வண்டியை நிறுத்தும்போது முடிவைச் சொல்லி, தன் கதைக்குத் தானே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் பார்த்தார். "என்ன சார், இன்னைக்குப் பை மட்டும்தான் படிக்க வந்திருக்கா?"

சிரிப்போடு அவர் திரும்பினார்.

5

இந்த இடத்தில் பல நாள் என் பேனா நின்றுவிட்டது. எழுதிப் பார்த்த வரிகள்: "அவருடைய உலகம்..." "கால்களுக்குக் கீழே பூமி..." "அந்த ஒரு கணத்தில்..." எல்லாம் அடுத்தவர் வீட்டில் இரவல் வாங்கிய சட்டி பானை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பங்கு அவருக்கு நினைவுக்கே வரவில்லை. தோளில் தட்டியது மகள்தான் என்று சத்தியம் செய்வார். ஏறினாள் என்றால், பிறகு விழுந்திருக்க வேண்டும். நடுரோட்டில், தான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, சத்தமே போடாமல். அவள் விழுந்தால்கூடச் சத்தம் போட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

பறந்து போக வேண்டிய மனிதர் வந்த வழியிலேயே வண்டியை உருட்டாத குறையாக ஓட்டினார். ரோட்டோரம், பள்ளம், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில் என்று ஒரு இடம் விடவில்லை. ஓரிடத்தில் மகளுடைய பள்ளிச் சீருடையின் நீல நிறத்தில் ஏதோ கிடந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தார். யாரோ வீசியெறிந்த பிளாஸ்டிக் கவர். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று அழுதார்.

('அழுதார்' இருக்கட்டுமா? அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வைத்துக்கொள்கிறேன்.)

பங்கில் மகள் ஒரு எண்ணெய் டப்பா மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலையில் அந்தப் பெண்ணின் தொப்பி. இவரைக் கண்டதும் அந்தப் பெண், "அண்ணே, நான்தான் தட்டினேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. கூப்பிடக் கூப்பிடக் காதுல விழல" என்றாள். அவர் நேரே மகளிடம் போனார். மகளைத் தூக்கிப் பின்னால் வைக்காமல் முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்தார். அவள் அதற்கு வளர்ந்துவிட்டவள். ரோடு மறைத்தது. அவள் உச்சந்தலை மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு வீடு வரை ஓட்டினார். அன்று பள்ளிக்கூடம் இல்லை.

6

(இனி 'நான்' ஏறிக்கொள்கிறேன்.)

மறுநாள் புதுச் சட்டம் வந்தது. "இனிமே நீதான் பேசணும். பேசிக்கிட்டே வரணும்."

"என்னப்பா பேசறது?"

"எதையாவது பேசு. உன் குரல் வந்துட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

கடைப் பலகைகளைப் படித்தேன். அவை தீர்ந்துபோயின. அந்தக் கடைக்காரர்களைப் பற்றிப் பொய் சொன்னேன். பொய்க்குப் பொய் துணைக்கு வந்தது. பூட்டுக்கடைக்காரர் தன் வீட்டுக்கே பூட்டு வாங்க மறந்தவர், தையல்காரர் ராஜாவுக்குக் கோட்டு தைத்துக் கை வைக்க மறந்தவர். மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், வண்டி வேகம் குறையும். அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். பிரேக் மேல் கால் போகும், அவ்வளவுதான். உடனே ஒரு "அப்புறம்" போடுவேன், வண்டி கிளம்பும். பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் அந்தப் பின்சீட்டில் நான் ஒரு கதையையும் முடித்ததில்லை. முடித்தால் வண்டி நின்றுவிடுமே. ஆசிரியரிடம் இதைச் சொல்லியிருக்கலாம், சாக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்.

அப்பா அதற்குப் பிறகு கதை சொல்லவே இல்லை. "ஒட்டகச்சிவிங்கி எப்படிப்பா வெளிய வந்துச்சு?" என்று கேட்கும்போதெல்லாம், "அதான் சொல்லிட்டேனே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கதையைத் தொட்டால் அந்தச் சிரிப்பைத் தொட வேண்டும். பெற்ற மகள் இல்லாத சீட்டுக்குக் கதை சொல்லிவிட்டுச் சிரித்தோமே என்று அவருக்குள் அது அறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டியது ஒட்டகச்சிவிங்கி மட்டுமில்லை. அவர் அதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொல்ல வேண்டும்.

7

ஆசிரியருக்காகத் தயார் செய்த முடிவுகள்:

வயதான அப்பாவைப் பின்னால் வைத்து மகள் வண்டி ஓட்டுகிறாள், இப்போது அவர் அவள் தோளில் தட்டுகிறார். படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அப்பா என் வண்டியில் ஏற மாட்டார். "நான் என்ன மூட்டையா?" என்பார்.

முடிவைச் சொல்லாமலே அப்பா கண்ணை மூடிவிடுகிறார். இதற்கு இன்னும் மதிப்பு அதிகம். ஆனால் போன வாரம்தான் அவர் ஏணி போட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். ஒரு கதைக்காக நல்லா இருக்கிற மனுஷரைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது, ஒட்டகச்சிவிங்கியின் முடிவை நானே எழுதி அப்பா சொன்னதாகச் சேர்த்துவிடுவது. எழுதினேன். எல்லாம் என் குரலில் இருந்தது. கிழித்துப்போட்டேன்.

8

வேறு வழியில்லாமல், நீங்கள் இதுவரை படித்ததை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். மேசை விசிறியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். நான் படித்தேன். அவர் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அழுதேன்னு எழுதியிருக்கே. அழல. ஹெல்மெட்டுக்குள்ள வேர்வை."

"சரிப்பா."

"அந்தப் பொம்பள மேல தப்பு இல்ல. அதையும் எழுது."

"எழுதறேன்." (எழுதிவிட்டேன்.)

துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டார்.

"அன்னைக்கு நான் வர்ற வரைக்கும் நீ அங்க என்ன பண்ணிட்டிருந்தே? அழுதியா?"

இதைக் கேட்க அவர் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து நான் நின்றிருப்பேன் என்ற பயம்.

"இல்லப்பா. அந்த அக்காவுக்குக் கதை சொல்லிட்டிருந்தேன்."

"நீயா? நீ வாயைத் திறந்தியா?"

"ஒட்டகச்சிவிங்கிக் கதைதான். கேட்ட வரைக்கும் முழுசும் சொன்னேன். அப்புறம் அது எப்படி வெளிய வந்துச்சுன்னு அந்த அக்கா கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எங்கப்பா வருவார், வந்து திறந்து விட்டுடுவார்னு சொன்னேன்."

அவர் இறக்கையைக் கீழே வைத்தார். ஹெல்மெட் இல்லாமலே வேர்த்தது. நானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் இறக்கையை மறுபடி கையில் எடுத்தார்.

"என் கதையில மெக்கானிக்கே வரல. அது தானாவே வெளிய வந்துடுச்சு."

"எப்படிப்பா? அவ்வளவு பெரிய கழுத்தை வெச்சுக்கிட்டு..."

"சொல்றேன், குறுக்க பேசாதே" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வார்த்தையிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

9

அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும். அந்த முடிவு ஒரு ஆளுக்காகச் சொன்னது, அந்த ஆளிடம் தாமதமாக வந்து சேர்ந்தது. பங்கு போட எனக்கு மனசில்லை.

உங்களுக்கு அநியாயமாகத்தான் இருக்கும். நான் கியர் போட்டுவிட்டேன், நீங்கள் இன்னும் ஏறாமல் பங்கில் நிற்கிறீர்கள். பயப்படாதீர்கள். பக்கத்தில் ஒருத்தர் வேலையைப் பார்த்துக்கொண்டே உங்களை விசாரிக்கிறார், ஒட்டகச்சிவிங்கி எப்படி வெளியே வந்தது என்று. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. சொல்லுங்கள்.