முழ நீளக் காரின் பிரேக்

தாராவிப் பட்டறையில் லேத் ஓட்டும் இசக்கிராஜ் எட்டு மாசமாகக் கையாலேயே அறுத்து, ராவிச் செய்த கார் ஒரு முழம்தான் இருந்தது. ஆனால் பெட்ரோலில் ஓடும், கியர் விழும், ரிமோட்டை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். பிடித்தாக வேண்டும். காலையில் இரண்டு தடவை அது வழுக்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தான்.

கார் செய்யச் சொன்னவர் மாட்டுங்காவிலிருந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இசக்கிராஜின் மனைவி உமாமகேஸ்வரி பித்தளைத் தட்டில் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, நீள மேஜைமேல் நின்ற காரின் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தாள்.

“சக்கரத்தவிடப் பழம் பெருசா இருக்கு, அறிவிருக்கா ஒனக்கு? அங்கிட்டு எடு!” என்று சீறினான்.

அவள் பழங்களை முந்தானையில் முடிந்துகொண்டு, தட்டோடு மேஜையின் மறுகோடிக்குப் போனாள்.

இன்ஜின் உறுமியது. கார் விருட்டென்று கிளம்பியது. மேஜை முடிய ரெண்டு முழம் இருக்கும்போது பிரேக்கை அழுத்தினான். பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

டங்!

மேஜை விளிம்பில் தட்டை நிமிர்த்திப் பிடித்திருந்தாள் உமா. கார் அதில் முட்டி நின்றது.

“தட்ட சாமிக்குன்னுதான கொண்டாந்த?” என்றான்.

“பழந்தான் சாமிக்கு. தட்டு ஒங்க பிரேக்குக்கு.”