டென்ட் உன் பொறுப்பு

ஸ்ரீகாந்துக்கு வெளியூர் போவதே பிடிக்காது. வெட்டவெளியில் படுப்பது அறவே பிடிக்காது. ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, இந்த வயதிலும் தலைக்கு மேலே ஃபேன் கடகடக்காவிட்டால் தூக்கம் வராத ஆள். கொசு, பூரான், பொதுக் கழிப்பறை, இந்த மூன்றில் முதல் எதிரி எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். அப்படிப்பட்டவனை மே மாதத்தில், செம்பரம்பாக்கம் ஏரியோரம் நடக்கிற ஒரு மைதானக் கச்சேரிக்கு, அதுவும் ராத்திரி அங்கேயே தங்குகிற மாதிரி கிளப்பிக்கொண்டு போக ஜெபாவால் மட்டும்தான் முடியும்.

ஜெபா அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனோடு ஒரே ஆபீஸில், பக்கத்து சீட்டில் வேலை பார்ப்பவள். மேனாம்பேட்டுக்காரி. சர்ச்சில் பத்துப் பேரோடு நின்றால் கணீரென்று பாடுவாள். தனியாக மேடையில் ஏற்றிவிட்டால் போச்சு. கல்லூரி விழாவில் ஒரு முறை, ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒரு முறை, மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இறங்கி வந்துவிட்டாள். இப்போது இந்தக் கச்சேரியில், புதியவர்களுக்கென்று ஒதுக்கிய சாயங்கால நேரத்தில், ஒரே ஒரு பாட்டுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டு.

“இந்த வாட்டியும் குரல் வரலைன்னா அவ்ளோதான்டா. இனிமே மேடைப் பக்கமே போக மாட்டேன்,” என்றாள் கேன்டீனில். “நீ முன்னாடி வந்து நில்லு. உன் மூஞ்சியப் பாத்துகினே பாடிடுவேன்.”

“என் மூஞ்சில அப்டி இன்னா கீது?”

“உனக்குப் பாட்டப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. உன்னப் பாத்தா பயம் வராது.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று புரியாமலே ஸ்ரீகாந்த் சரி என்றுவிட்டான். சரி சொன்ன கையோடு, பாட்டு முடிந்ததும் எப்படி வீட்டுக்கு நழுவுவது என்றும் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஏற்பாடெல்லாம் வர்ஷா. கோயமுத்தூரிலிருந்து இதே ஆபீஸுக்கு வேலைக்கு வந்து அம்பத்தூரில் ஃப்ளாட் எடுத்திருப்பவள், மலையைக் கண்டால் ஏறாமல் விடமாட்டாள். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தாள். இன்னொரு ஆபீஸ் நண்பன் கிரணுக்குச் சாப்பாடு. ஸ்ரீகாந்துக்கு, “டென்ட் உன் பொறுப்பு. பெருசா பாத்து எடு, நாலு பேரும் அடங்கணும்.”

வர்ஷா சொன்னது, சுருட்டி முதுகுப்பையில் வைத்துக்கொள்கிற நைலான் கூடாரத்தை. ஆனால் ஸ்ரீகாந்த் வளர்ந்த தெருவில் டென்ட் என்றால் ஒன்றுதான்: கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் வாசலில் போடுகிற சாமியானா. நாலு பேருக்கு இவ்வளவு பெரிசு எதற்கு என்று அவனுக்கும் தோன்றத்தான் செய்தது. கேட்டால் கேலி செய்வார்களே என்று வாயை மூடிக்கொண்டு, சாமியானா வாடகைக்கு விடுகிற எத்திராஜ் கடையில் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

கச்சேரி நடந்த இடம், இன்னும் ஒரு வீடும் எழும்பாத மனைப் பிரிவு. தார் ரோடு இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது, மனை எண் எழுதிய மஞ்சள் கற்கள் வரிசையாக இருந்தன. பூங்காவுக்கு ஒதுக்கிய மேட்டில் மேடை. மனைக்கு மனை நீலமும் ஆரஞ்சுமாகச் சின்னச் சின்னக் கூடாரங்கள். ஜெபா பைக்கை நிறுத்த, பின்னாலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கே கழிப்பறை என்று தேடத் திரும்பிய ஸ்ரீகாந்த், ஏரியைப் பார்த்தான்.

தண்ணீர். அதற்கும் பின்னால் தண்ணீர். எதிர்க்கரை என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. நியூஸில் அடி அடியாக ஏறி இறங்கும் கணக்காக மட்டுமே அவன் அறிந்திருந்த ஏரி. ஆபீஸ் குழாயில் தினமும் பிடித்துக் குடிக்கிற தண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தான். எங்கிருந்தோ வருகிறது என்று நினைப்பது வேறு, அது இப்படி வானத்தை முழுசாக வாங்கிப் போட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்ப்பது வேறு. ஹெல்மெட் கையில் தொங்க, அப்படியே நின்றான்.

“இன்னாடா, வாயப் பொளந்துட்ட?” என்றாள் ஜெபா.

அந்த நேரம் பார்த்து எத்திராஜின் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் கம்பங்கள், கயிறு, சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட துணி மூட்டை. எத்திராஜ் இறங்கி நாலா பக்கமும் பார்த்தார்.

“இன்னா நைனா, டென்ட்டு போடணும்னியே, ஊட்டையே காணோம்? ஆரு பூட்டாங்க?”

“ஆரும் பூடலண்ணே, இது சாவு ஊடு இல்ல,” என்றான் ஸ்ரீகாந்த்.

வர்ஷா ஒரு மனைக் கல்லின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “இதுல ஜிப்பு எங்கடா இருக்கு?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். பக்கத்துக் கூடாரக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை. வந்த வேலை வேலைதான் என்று ஆப்பு அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, நான்கு மனைகளை அடைத்துக்கொண்டு சாமியானாவை நிறுத்திவிட்டார். காலையில் வந்து கழற்றுவதாகப் பேச்சு. ஸ்ரீகாந்த் அவர் காதோடு சொன்னான்: “ஒரே பாட்டுண்ணே. முடிஞ்சதும் நானும் உங்ககூட ஆவடிக்கு வந்துடுறேன்.” அவரும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பொழுது சாய்ந்தது. அடுத்தது ஜெபா. அவள் மேடைப் படிக்கட்டில் கால் வைக்கவும் காற்று மாறவும் சரியாக இருந்தது. ஏரியின் மேல் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி இந்தப் பக்கம் நடந்து வந்தது. மழை. ஆட்கள் ஓடி வந்து ஸ்பீக்கர்கள் மேல் தார்ப்பாயை இழுத்தார்கள். மைக்கில் கடைசியாக ஒரு குரல், “புதியவர்கள் நிகழ்ச்சி இத்தோட முடியுது. மழை விட்டதும் மெயின் பேண்ட்,” என்று சொல்லிவிட்டு அணைந்தது.

ஜெபா இறங்கி வந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. அப்பாடா என்கிற நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி ஸ்ரீகாந்துக்கு நன்றாகப் பழக்கம். ஒவ்வொரு பயணம் ரத்தாகும்போதும் அவன் முகத்தில் வருவது அதுதான். இன்றைக்கு விட்டால் இவள் இனிமேல் பாடவே மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

நைலான் கூடாரங்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு உருண்டன. சனம் மொத்தமும் சாமியானாவுக்குள் ஓடி வந்தது. போட்டோ எடுத்தவர்களும்தான். ஏரிப் பக்கத்து மூலையில் ஆப்பு பிடுங்கிக்கொண்டது.

“கம்பத்தப் புடி நைனா! உடாத!” என்று எத்திராஜ் அடுத்த மூலையிலிருந்து கத்தினார்.

ஸ்ரீகாந்த் பாய்ந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். முகம் ஏரியைப் பார்க்க, முதுகு கூட்டத்தைப் பார்க்க. மழை நேராக முகத்தில் அறைந்தது.

“ஜெபா! பாடு!” என்று கத்தினான்.

“மைக் இல்லடா!”

“சர்ச்சுல மைக் வெச்சுகினா பாடுற?”

“அது வேற. நீ இப்டி திரும்பு!”

“திரும்ப முடியாது! கம்பம் போய்டும்!”

கூட்டம் சிரித்தது. பிறகு, என்னவோ நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டு அடங்கியது. துணியின் மேல் மழை விழுகிற சத்தம் மட்டும். அவன் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. அவள் வாயைத் திறந்து நிற்பது முதுகுக்குத் தெரிந்தது. அவளுக்காக ஒரு நொடி திரும்பிவிடலாமா என்று தவித்தான். கம்பம் ஒரு ஆட்டம் ஆடியது, இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அப்போது வந்தது குரல். முதலில் மழைக்கு அடியில், யாரோ வீட்டுக்குள் தனியாக முணுமுணுப்பது போல.

*தினம் தினம் குடிச்சேன் உன்னை,*
*ஒருநாளும் பாக்க வரலியே ஏரியே…*

இரண்டாம் முறை அதே வரி மழைக்கு மேலே ஏறியது. இவள்தானா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டு, பிஸ்கட்டைப் பாதி உடைத்துக் கொடுக்கிற ஜெபாவா? அந்தச் சின்ன உடம்பில் இது இத்தனை நாள் எங்கே இருந்தது? குரல் துணியில் மோதி, கம்பத்தில் இறங்கி, அவன் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. கண்ணெதிரே ஏரி முழுக்க மழைப்புள்ளி. வலது பக்கம் மேகத்துக்கு அடியில் சூரியன் ஒரு கோடாகத் திறந்துகொள்ள, தண்ணீரில் விழுந்த ஒவ்வொரு துளியும் பற்றிக்கொண்டது. ஸ்ரீகாந்த் மூச்சுவிட மறந்தான். கொசுவும் பூரானும் ஞாபகத்திலேயே இல்லை. உலகம் இவ்வளவு பெரிசாக இருக்கிறதை யாரும் தன்னிடம் சொல்லவே இல்லையே என்று மட்டும் நினைத்தான். அவன் உடம்பு உதறியது. அழுகிறோம் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பாட்டு முடிந்தபோது மழையும் தூறலாகியிருந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்து கொக்குகள் எழும்பின. எத்திராஜ் வந்து ஆப்பை மறுபடி அடித்து, கயிற்றைக் கட்டினார்.

“உடு நைனா, நின்னுக்கும். வண்டி எடுக்கறேன், வரியா?”

ஸ்ரீகாந்த் தலையை ஆட்டினான், இல்லையென்று. அவர் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கப் போனார்.

ஜெபா நனைந்த தலையோடு வந்து நின்றாள். “முன்னாடி நில்லுடான்னா, முதுகக் காட்டிகினு நின்னுட்டியே.”

“விட்டா சாஞ்சிருக்கும்…”

“தெரியும்டா. அந்த முதுகப் பாத்துகினேதான் பாடினேன். அப்டி நடுங்கிச்சு. என்னவிடப் பயந்தவன் ஒருத்தன், விட்டுட்டு ஓடாம நிக்கிறானேன்னு நெனச்சேன். தொண்டை தொறந்துச்சு.”

அது பயம் இல்லை என்று அவளிடம் சொல்ல ஸ்ரீகாந்த் வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.