அரை ஆளுக்கான அறை

ரஸல் தார்ப் காலையிலிருந்து ஐந்தாவது முறையாக அந்தச் சின்ன அறையை அளந்தான். ஒன்பது அடிக்கு ஏழு அடி. அறுபத்து மூன்று சதுர அடி. முதல் டீ குடிக்கும் முன் அளந்தபோதும் இதேதான் வந்தது. சுவர் என்ன, நடுவில் நகர்ந்துவிடவா போகிறது? ஆனாலும் மனிதனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை தீர்ப்பாயத்தில் விசாரணை.

ஹல் நகரின் வடக்கு ஓரத்தில், நகரசபை வாடகைக்கு விட்டிருக்கும் கவுன்சில் வீடு அது. மாடியில் இரண்டு அறைகள். பெரியதில் ரஸல் படுத்துக்கொள்வான். சின்னது அவன் மகள் டீகனுடையது. அவள் அம்மா லியானோடு ஊருக்குள் இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் வந்து, இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை போவாள். போன வருஷம் அரசாங்கம் ஒரு புது விதி கொண்டுவந்தது. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவருக்குத் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகை உதவியில் வெட்டு. ஊரே அதைப் படுக்கையறை வரி என்று திட்டியது. விதியின் கணக்கில் டீகன் அம்மா வீட்டுப் பிள்ளை. சனிக்கிழமையெல்லாம் அவர்களுக்கு ஒரு கிழமையே இல்லை. ஆக, அந்தச் சின்ன அறை உபரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், உபரிப் படுக்கையறைக்காகப் பணத்தைப் பிடிக்கத் தெரிந்த மகாராசர்கள், படுக்கையறை என்றால் என்ன என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கவுன்சில் சொன்னால் படுக்கையறை, அவ்வளவுதான். அந்த வெட்டை ரஸலால் தாங்க முடியாது, அதனால் அது படுக்கையறையே இல்லை என்று தீர்ப்பாயத்தில் முறையிட்டிருந்தான். கேரவன் என்னும் வண்டி வீடு செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. வீட்டைக் காலி செய்தால் எட்டாவது மாடியில் ஒற்றை அறை கிடைக்கலாம். அங்கே டீகனுக்கு இடமே கிடையாது.

அந்த அறையில் உண்மையில் ஒரு கட்டில் போட முடியாது. கீழே மாடிப்படியில் ஏறுபவருக்குத் தலை இடிக்காமல் இருக்க, மூலையில் மூன்றடி உயரத்துக்குப் பெட்டி மாதிரி ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்கள். தரையில் பத்துச் சதுர அடியை அது விழுங்கிவிட்டது. கடையில் விற்கும் எந்தக் கட்டிலும் மிச்ச இடத்தில் அடங்காது. வேறு யாராவது என்றால் இஸ்திரிப் பலகையையும் பழைய அட்டைப்பெட்டிகளையும் போட்டுக் கதவை மூடியிருப்பார்கள். ரஸலின் பிழைப்போ கேரவனுக்குள் கட்டில் பொருத்துவது. ஆள் படுக்க முடியாத சந்தில் ஆளைப் படுக்கவைப்பதுதான் பதினாறு வருஷமாக அவன் வேலை. லியானைப் பிரிந்து வந்த முதல் மாதமே, அந்தப் பெட்டியின் மேலேயே பலகையைப் பரப்பி, இந்தப் பக்கம் இரண்டு கால் கொடுத்து, அடியில் இழுப்பறை வைத்து, ஐந்தரை அடியில் ஒரு கட்டில் கட்டிவிட்டான். இன்றைக்கு அந்தக் கைத்திறமைதான் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் காத்திருந்தது.

கட்டிலைக் கழற்றச் சொன்னவள் ஐரிஸ். பள்ளிச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இப்போது ஆலோசனை மையத்தில் சம்பளமில்லாமல் இந்த மாதிரி வழக்குகளுக்குக் கூட வருகிறாள்.

"ஒரு வாரத்துக்கு அந்தக் கட்டிலக் கழட்டி வை ராசா. உள்ள யாரு தூங்குறான்னு கேட்டா, யாரும் இல்லன்னு சொல்லு. பொண்ணு வந்தா என் பெட்ல படுப்பா, நான் சோபாவுல படுப்பேன்னு சொல்லிட்டுப் பேசாம இரு. நீ ரொம்பப் பேசுற ஆளு, அதான் எனக்குப் பயமே."

ஐரிஸிடம் அவன் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. டீகன் இரவு தங்குவதே அந்த அறையால்தான். பிரிவு வழக்கின்போது குழந்தைகள் நல அதிகாரி வந்து கட்டிலைப் பார்த்து, இழுப்பறையை இழுத்துப் பார்த்து, "மகளுக்கென்று தனிப் படுக்கையறை உள்ளது" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவனுடைய சனிக்கிழமைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தீர்ப்பாயத்துக்கு அது படுக்கையறையாக இருக்கக்கூடாது, குடும்ப நீதிமன்றத்துக்கு இருந்தே ஆகவேண்டும். ஐரிஸை நினைத்து அளந்தால் அறை சுருங்கியது. லியானை நினைத்து அளந்தால் விரிந்தது. இப்படி அளந்து அளந்தே அவனுக்குப் பித்துப் பிடிக்கும் போலிருந்தது.

கடைசியில் அன்று மத்தியானமே பஸ் ஏறி, லியான் வேலை செய்யும் பேக்கரியின் பின்வாசலுக்குப் போய் நின்றான். அவள் மாவு படிந்த ஏப்ரனோடு வந்து எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாவிட்டால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"அங்க போய் அது பெட்ரூம் இல்லன்னு சொல்லு, நான் வேண்டாங்கல. ஆனா அப்புறம் அவ பகல்ல மட்டும்தான் வருவா. ராத்திரி தங்க மாட்டா."

"வெறும் பேப்பருக்காகச் சொல்றது லியான். ரூம் அப்படியேதான இருக்கு."

"பதினாறு வயசு வரைக்கும் சோபாவுல படுத்து வளர்ந்தவ நான். கூடத்துல எல்லாரும் டிவி பாத்து முடிக்கிற வரைக்கும் தூங்க முடியாது. டிரஸ் மாத்தணும்னா கக்கூஸ். என் பொண்ணுக்கு அது வேண்டாம் ரஸல். உன்மேல கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவனும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பான். வீட்டுக்கு வந்து திருப்புளியை எடுத்தான். எட்டு திருகாணியில் நான்கைக் கழற்றினான். பலகை ஒரு பக்கம் தொங்கியது. நான்கையும் திரும்ப முடுக்கிவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் தெருமுனைவரை நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பாயம் என்று போனால், நீளமான மேசை, ஒரு தண்ணீர்க் கூஜா, மூடாத ஜன்னல் ஒன்று. நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, சளி பிடித்திருந்தது. கவுன்சில் தரப்பில் பிக்கரிங் என்று ஒரு நெட்டை ஆள் வந்திருந்தார். ஒப்பந்தத்தில் இரண்டு படுக்கையறை என்றிருக்கிறது, தார்ப் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இரண்டு படுக்கையறை வீடு என்று தெரிந்துதான் குடிவந்தார், அளவைப் பற்றி இந்த விதி எதுவுமே சொல்லவில்லை என்று அடுக்கினார். ஐரிஸ் விடவில்லை. பெட்டி போக மிச்சம் ஐம்பத்து மூன்று சதுர அடிதான், பெட்டியின் மேல் மனிதன் நிற்க முடியுமா என்று கேட்டாள். ரஸலின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்தாள்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கேட்டார். "மிஸ்டர் தார்ப், இப்ப அந்த ரூம்ல யாராவது தூங்குறாங்களா?"

யாரும் இல்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தான். ஆனால் யாரும் இல்லை என்றால் டீகன் யார்?

"என் பொண்ணு தூங்குறா" என்றான். "சனிக்கிழமை சனிக்கிழமை. பெட்டிக்கு மேல நானே ஒரு பெட் போட்டுக் குடுத்திருக்கேன். அது அவ ரூம்."

ஐரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். பிக்கரிங் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் அது படுக்கையறைதான் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டது, தான் சொல்ல இனி ஒன்றுமில்லை என்றார். எல்லாம் போயிற்று என்று ரஸல் நினைத்தான். வீடு போயிற்று, அறை போயிற்று.

"பொண்ணுக்கு என்ன வயசு?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒம்போது. இன்னும் மூணு வாரத்துல பத்து."

நீதிபதி வேறொரு புத்தகத்தைப் புரட்டினார். வீட்டு நெரிசலைப் பற்றிய பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, அதில் ஐம்பதிலிருந்து எழுபது சதுர அடிக்குள் இருக்கும் அறையை அரை ஆளுக்குத்தான் கணக்கில் எடுப்பார்கள், பத்து வயது நிறையாத குழந்தைதான் அந்த அரை ஆள் என்று விளக்கினார்.

"அரை ஆளா?" ரஸலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ என்ன அரை ஆளு? நீங்க வந்து அவகூட அஞ்சு நிமிஷம் பேசிப் பாருங்க."

"சட்டம் அப்படிச் சொல்லுது, மிஸ்டர் தார்ப். நான் சொல்லல. கொஞ்சம் உக்காருங்க" என்றார் நீதிபதி. சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது, சளியாகவும் இருக்கலாம்.

கால் மணி நேரம் வெளியே நிற்கவைத்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். பழைய சட்டம் இந்த விதியைக் கட்டுப்படுத்தாது என்றாலும் நல்ல அளவுகோல். பெரியவர் ஒருவர் அந்த அறையில் படுக்க முடியாது. ஒரு குழந்தை படுக்கிறாள் என்றால் அது தகப்பனின் கைவேலையே தவிர அறையின் தகுதி அல்ல. இன்னும் மூன்று வாரத்தில் அந்தக் குழந்தைக்கும் அது பொருந்தாது. எனவே அது படுக்கையறை அல்ல. வெட்டு ரத்து.

ஐரிஸ் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தெருவுக்கு வந்ததும் அவனுக்கு உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் வாங்கிக் கொடுத்து, மேலே அந்த ஊர்ச் சிவப்பு மசாலாப் பொடியைத் தாராளமாகத் தூவினாள். அவன் தின்னவில்லை. வீடு மிஞ்சியது. ஆனால் மகளுக்குப் பத்து வயதானால் அந்த அறை ஆகாது என்று முத்திரை குத்திய காகிதம் சட்டைப்பையில் இருந்தது. ஒளித்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே லியானுக்குப் போன் போட்டு, அரை ஆள் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். அவள் "நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் டீகனின் போர்வை, பொம்மைகள், துணிமணி எல்லாவற்றையும் பெரிய அறைக்கு மாற்றினான். தன் தலையணையைப் பெட்டிமேல் கட்டிலில் போட்டான். ஆறடி ஆள் ஐந்தரை அடியில் எப்படியோ மடங்கிக்கொள்ளலாம். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினான்.

லியான் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள். பெரிய அறையைப் பார்த்தாள், சின்ன அறையைப் பார்த்தாள். "இதுல நீ எப்படிப் படுப்ப?" என்றாள்.

"மடங்கி. பெட்ரூம் இல்லாத ரூம்ல நான் எப்படிப் படுத்தா யாருக்கென்ன."

அதற்குள் டீகன் அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, ஷூவோடு கட்டில்மேல் ஏறிவிட்டாள். அவன் தலையணை கதவுக்கு வெளியே பறந்து விழுந்தது.

"இது என் ரூம்" என்றாள்.

ரஸல் நயமாக எடுத்துச் சொன்னான். பெரிய அறை காற்றோட்டமானது, இந்த அறை பத்து வயது ஆனவர்களுக்குக் கிடையாது, நீதிபதியே சொல்லிவிட்டார்.

"எனக்கு இன்னும் பத்து ஆகலயே. மூணு வாரம் இருக்கு. நீ முழு ஆளு, உனக்குத்தான் இங்க இடமில்ல. இறங்கிப் போ அப்பா."

அவன் ஏறவே இல்லை, இறங்கிப் போகச் சொல்கிறாள். மூன்று வாரம் என்றால் மூன்று சனிக்கிழமை. அதற்கப்புறம் என்ன என்று லியான் கேட்கப்போகும் கேள்விக்காகத் தலையைக் குனிந்து நின்றான்.

லியான் கட்டிலின் கால்மாட்டில், நீட்டிப் படுத்துக்கொண்ட டீகனின் ஷூவுக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தாள். ஒரு சாண்தான் இருந்தது.

"நீதான பெட்டு போடுறவன்?" என்றாள். "இதை அரை அடி நீட்ட முடியுமான்னு பாரு. அவ வளர்றா." பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.