கர்னலில் வெட்டியது

டெல்லியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இடஒதுக்கீடு வந்தால் தங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சும் என்று ஊருக்குக் காட்டுகிறார்களாம். நிர்மலா லேப் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே அம்மா பெரியம்மாள் ஏழு வருஷமாகக் கூட்டுகிறாள். துடைப்பத்தைப் பிடித்தால் மானம் போய்விடுமா இந்தத் துரைகளுக்கு? சீ, என்ன ஜென்மங்கள்!

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் நிர்மலா கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே தாளாளர் ராஜாங்கம் அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். டிகிரி, சாதிச் சான்றிதழ், எல்லாம். திங்கட்கிழமை சென்னையில் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"மலைல அந்த விழா நல்லபடியா முடியட்டும்மா. நானே கையில குடுக்கறேன்," என்றார்.

விழா என்றால், கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பது. சென்னைக் கம்பெனி ஒன்று அந்தப் பிள்ளைகளுக்காக ஒன்பது பென்டியம் அனுப்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, சிடி போட வழி கிடையாது. ஃப்ளாப்பி ஒன்றுதான் கதி. ஒன்றரை எம்பி கூடப் பிடிக்காத அந்த ஒரு தகட்டுக்குள், கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் முழுவதையும் அடக்க வேண்டும். அதன் அடிப்படையான கர்னலே அதற்குள் நுழையாது. நிர்மலா இரண்டு வாரம் உட்கார்ந்து வெட்டினாள். சத்தம் எழுப்புவதை வெட்டினாள், பிரிண்டரை வெட்டினாள், நெட்வொர்க்கை வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம். கடைசியில் தமிழ் எழுத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் போதவில்லை.

கணக்குப் போடும் சில்லு இல்லாத அரதப் பழைய மெஷின்களுக்காக, அந்த வேலையைத் தானே செய்யும் பகுதி ஒன்று கர்னலில் இருந்தது. பென்டியத்தில் அந்தச் சில்லு உள்ளேயே இருக்கிறது, பிறகெதற்கு இது என்று அதையும் வெட்டினாள். தமிழ் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. லேபில் வந்து இறங்கியிருந்த பென்டியம் ஒன்றில் போட்டுப் பார்த்தாள். திரையில் 'அம்மா' என்று வந்ததும் தனியாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை மலையில் ஷாமியானா, மாலை, ஃபோட்டோகிராபர். சமூகநீதி காப்போம் என்ற பேனரில் ராஜாங்கம் கைகூப்பிக்கொண்டிருந்தார். நிர்மலா முதல் மெஷினில் ஃப்ளாப்பியைப் போட்டாள். நாலு வரி ஓடி நின்றது. கணக்குச் சில்லு இல்லை, அதற்கு மாற்று ஏற்பாடும் இல்லை, கைவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் கடைசி வரி. அடுத்த மெஷினிலும் அதே வரி.

பென்டியத்தில் இப்படி வரவே வராது. பின்பக்கம் போய் மூடியைக் கழற்றினாள். உள்ளே எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை, மூத்திர வாடை. அதற்கு நடுவே பன்னிரண்டு வருஷத்துப் பழைய 486, பென்டியத்துக்கு முந்தினது, கணக்குச் சில்லு இல்லாத ரகம். முகப்பில் மட்டும் பென்டியம் ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. த்தூ!

"சார், இது பென்டியம் இல்ல சார்."

ராஜாங்கம் சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் வந்தார். "எதுக்கும்மா கத்தற? அந்தப் பென்டியமெல்லாம் நம்ம லேபுக்கு வேணும், அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வருது. மலைப் பசங்களுக்கு இதுவே ஜாஸ்தி. நீ இன்னாத்தையோ வெட்டினதாலதான் நிக்குது. ஒழுங்கா ஓட வை. உன் சர்டிபிகேட்டு ஜீப்புலதான் இருக்குது."

நிர்மலா விறுவிறுவென்று தலைமையாசிரியர் மாயவனிடம் போனாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எறக்கும்போதே பாத்தேம்மா. பென்டியம் வந்துச்சுன்னு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன். எம் பொண்ணுக்கு அவுரு காலேஜில சீட்டு தரேன்னு சொல்லிக்கிறாரு, டொனேஷன் இல்லாம. வுட்டுடும்மா."

யாரைப் பார்த்தாலும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பிவிட்டுப் போயிருக்கலாம். திங்கட்கிழமையும் கூடவே போயிருக்கும்.

பைக்குள் முந்தைய வார ஃப்ளாப்பி ஒன்று இருந்தது. கணக்குப் பகுதியை வெட்டாதது, தமிழ் ஏறாதது. அதைப் போட்டாள். மெஷின் முக்கி முனகி எழுந்தது. அதையே எடுத்து அடுத்ததில், அதற்கடுத்ததில். ஒன்பதும் எழுந்தன. கைதட்டினார்கள். உன் பேரைத் தமிழில் அடிக்கலாம் என்று முன்வரிசை மாணவி ஒருத்தியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் சாவிகளைத் தேடித் தேடி அழுத்தினாள். கோணல்மாணலாக இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. இதில் பேர் எங்கே என்று அவள் நிர்மலாவைப் பார்த்தாள். நிர்மலா ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். ஃபோட்டோகிராபர் ஃப்ளாஷ் அடித்தார்.

ஜீப்பருகே ராஜாங்கம் சொன்ன சொல் தவறவில்லை. நீல ஃபைலை நீட்டினார். நிர்மலா திறந்து பார்த்தாள். டிகிரி இருந்தது, சாதிச் சான்றிதழ் இருந்தது. அவளே அறியாமல் வாய் திறந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

தன் பொருளைத் தனக்கே திருப்பிக் கொடுத்தவனுக்கு, அந்தத் திருட்டை மூடிக் கொடுத்துவிட்டு, நன்றி! அந்தச் சொல் நாக்கிலேயே அழுகிக் கிடந்ததுபோல் இருந்தது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஓடி, புதரில் வாந்தி எடுத்தாள். ராஜாங்கம் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார்.

"மலை எறங்கறது ஒத்துக்கலையாம்மா? இந்தா, வாய கொப்புளி. ஃபைல இப்டிக் குடு, நான் புடிச்சிக்கினு இருக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் ஊற்றிய தண்ணீரை ஒரு கையில் ஏந்தி வாயைக் கொப்புளித்தாள்.